டவுன் பஸ்ஸில் என் பாட்டு

ஒரு பாட்டு போட்டிருக்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் எங்கள் ஊரில் முதலில் வரும் கேள்வி, "எந்தப் படம்?" என்பதுதான். படமெல்லாம் இல்லை, நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே பாடி, நானே வெளியிட்டது என்று விளக்கினால் கேட்டவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். வீடு கட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டவர்களைப் பார்க்கும் பரிதாபம் அது. "பரவாயில்ல, விடாம பண்ணுங்க" என்பார்கள். நான் எதையும் விடப்போவதாகச் சொல்லியே இருக்கமாட்டேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் பாட்டைக் கேட்கவைக்க வேண்டிய ஆளிடமே கோபித்துக்கொண்டால் கதைக்கு ஆகாது. சிரித்துக்கொண்டே லிங்க்கை அனுப்பிவிடுவேன்.

எனக்கு வீடு காட்டூரில். வேலை தில்லைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கையைப் பிடித்து, நரம்பைத் தேடி, ஊசி போட்டு ரத்தம் எடுப்பேன். பாட்டுக்கென்று என்னிடம் இருக்கும் ஸ்டுடியோ எங்கள் படுக்கையறை அலமாரிதான். கதவைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவில் தலையையும் மைக்கையும் நுழைத்துக்கொண்டு பாடினால் எதிரொலி வராது. ஃபேனை நிறுத்திவிட வேண்டும். துவாக்குடியில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் என் கணவர் அந்த நேரத்தில் கட்டிலில் சம்மணமிட்டு, தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாடி முடித்து வியர்வையோடு நான் வெளியே தலையை எடுத்ததும், "பட்டுப்புடவை நல்லா பாடுச்சு" என்பார்.

நான் சொல்லவந்த பாட்டு, தினமும் நின்றுகொண்டே பஸ்ஸில் போகிற ஒரு பெண்ணுக்கு ஒருநாள் ஜன்னலோரம் இடம் கிடைப்பதைப் பற்றியது. அவ்வளவுதான் விஷயம். காதல் கிடையாது, கண்ணீர் கிடையாது. நான் வேலைக்குப் போகும் தனியார் பஸ்ஸிலேயே கண்டக்டரின் விசில் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்து வைத்திருந்தேன். வண்டி நிற்க ஒரு விசில், கிளம்ப ரெண்டு. ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் அந்த ரெண்டு விசிலும் வரும், உடனே தாளம் கிளம்பும். இந்த யோசனை தோன்றிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டின் கடைசியில் தாளமெல்லாம் நின்றுபோய், வெறும் குரல் மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போய் முடியும். இதுவரை நான் பாடியதிலேயே எனக்குப் பிடித்த இடம் அது.

அந்த இடத்துக்குத்தான் யாருமே வந்துசேரவில்லை. பாட்டை ஏற்றிவைக்கிற ஆப்பில், கேட்பவர்கள் எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதை ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். என் பாட்டின் கோடு முதல் சரணத்திலேயே படுத்துவிட்டது. கடைசிவரை போயிருந்தது ஒரே ஒரு மெல்லிய இழை. அது நான்தான். பெரிய ஆசையெல்லாம் எனக்கு அப்போது இல்லை. மேடை வேண்டாம், சினிமா வேண்டாம். என்னைத் தெரியாத ஒரு ஆள், தானாக விரும்பி, அந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்க வேண்டும். ஒரே ஒரு ஆள் போதும். அதுகூட நடக்கவில்லையென்றால் அடுத்த பாட்டுக்கு அலமாரிக்குள் தலையை விடுவதில் என்ன அர்த்தம் என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

தெரிந்தவர்களிடம் பார்த்தாகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் இருக்கும் நேரம் பார்த்துப் பாட்டைப் போட்டேன். பல்லவி வரை எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் அண்ணி, பால் பொங்கிவிடும் என்று எழுந்துபோனார். அண்ணன், "குரல் அப்படியே இருக்கு உனக்கு" என்று பாட்டுக்கு நடுவிலேயே பாராட்டத் தொடங்கினார். அந்தப் பாராட்டு முடிவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்னும் மோசம். பாட்டின் நீளத்தைவிடக் குறைந்த நேரத்தில் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. "சூப்பர்" என்று முதலில் போட்ட சித்தப்பாவுக்கு அந்த ஃபோனில் சத்தமே வராது என்பது பிறகுதான் தெரிந்தது.

விளம்பரத்தில் இறங்கினேன். இணையத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதன்படி க்யூஆர் கோடு அச்சடித்த ஸ்டிக்கர்கள் செய்தேன். ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் தெரிந்த ஒரு காபிக்கடையில் கேட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒன்றை ஒட்டினேன். காபி குடித்தவர்கள் பணம் கட்டுவதாக நினைத்து அதை ஸ்கேன் செய்ய, ஒவ்வொருவர் ஃபோனிலிருந்தும் என் குரல் கிளம்பியிருக்கிறது. பணம் போய்விட்டது என்று நினைத்துப் பாதிப் பேர் நடையைக் கட்டிவிட்டார்கள். மறுநாள் நான் போனபோது ஸ்டிக்கர் கிழித்த தடம்தான் இருந்தது. கடைக்காரர், "காபி வேணா ஓசில தரேன், அது மட்டும் வேண்டாம்மா" என்றார். நானும் கணவரும் காவிரிப் பாலத்தில் நின்று வீடியோ எடுத்துப் போட்டோம். வந்த பின்னூட்டங்களில் பாதி ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைப் பற்றியவை. மீதி என் புடவை எங்கே வாங்கியது என்பதைப் பற்றியவை. பாட்டைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். எந்தப் படம் என்று.

பஸ் யோசனை இதற்கெல்லாம் பிறகு வந்தது. துவாக்குடியிலிருந்து காட்டூர், பால்பண்ணை, காந்தி மார்க்கெட் வழியாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் தனியார் பஸ்களில் ஏறியவர்களுக்குத் தெரியும், அங்கே பாட்டு என்பது சும்மா ஓடுவதில்லை. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பென்டிரைவ் செருகியிருக்கும். அதில் என்ன இருக்க வேண்டும் என்பது டிரைவரின் தனி உரிமை. முதல் நடைக்குச் சாமி பாட்டு. ஆபீஸ், ஆஸ்பத்திரி, கல்லூரிக் கூட்டம் ஏறும் நடைக்கு மெலடி. மதியம் காலி வண்டியில் தூக்கம் வராமலிருக்கக் குத்துப்பாட்டு. சாயங்காலம் பழைய பாட்டு. பாட்டுக்காகவே ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பவர்கள் உண்டு. நானே நின்றிருக்கிறேன்.

நான் வழக்கமாகப் போகும் பஸ்ஸின் டிரைவரை எனக்கு வேறு விதத்தில் தெரியும். சர்க்கரை பார்க்க எங்கள் நிலையத்துக்கு வந்திருக்கிறார். அவ்வளவு பெரிய வண்டியைக் காந்தி மார்க்கெட் நெரிசலில் அநாயாசமாகத் திருப்புகிற மனிதர், ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே நான் எடுத்து முடித்துவிட, "குத்திட்டியாம்மா" என்று ஆச்சரியப்பட்டார். அந்தப் பழக்கத்தை நம்பி ஒரு காலையில் பென்டிரைவை நீட்டினேன். எந்தப் படம் என்று அவரும்தான் கேட்டார். நான் பாடியது என்றதும் கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்தார்.

"போடறேன். ஆனா சனங்க மூஞ்ச சுளிச்சா எடுத்துருவேன். அப்ப வருத்தப்படக் கூடாது."

மறுநாள் மெலடி நடையில் நாலைந்து பாட்டுக்கு அப்புறம் என் பாட்டு வந்தது. வண்டி அரியமங்கலம் தாண்டியிருந்தது. அலமாரிக்குள் கிசுகிசுப்பாகப் பாடிய குரல் ஒரு பஸ் முழுக்கப் பரவியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை. பல்லவி முடியும் நேரத்தில் வண்டி பால்பண்ணையில் நின்றது.

அங்கே கண்டக்டர் இறங்கி, டைம் கீப்பரிடம் நேரம் பதிந்துவிட்டு வர வேண்டும். பின்னால் வரும் பஸ்காரன் முந்திவிடுவானே என்று எல்லாமே ஓட்டமாகத்தான் நடக்கும். டிரைவரும் திரும்பியெல்லாம் பார்க்கமாட்டார். ரெண்டு விசில் கேட்டால் கியரைப் போடுவார். அன்றைக்குக் கண்டக்டர் இறங்கிப் போனார். சரணத்துக்கு முன்னால் என் பாட்டில் ரெண்டு விசில் வந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

பின்னால் யாரோ ஏதோ கத்தினார்கள். ஆனால் தாளமும் சேர்ந்து கிளம்பியிருந்ததால் முன்னால் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் புரியவில்லை. பாட்டும் பஸ்ஸும் ஒன்றாகக் கிளம்பியது எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுதான், சத்தியமாக, நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு அம்மா டிக்கெட் வாங்கப் பணத்தை நீட்டிக்கொண்டே, "கண்டக்டர் எங்கப்பா?" என்று கேட்டபிறகுதான் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. விஷயம் எட்டியதும் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். அதற்குள் யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு கண்டக்டர் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் வெளியே வந்து, விசில் இன்னும் கையிலேயே இருந்தது.

"நான் அங்க நின்னுட்டிருக்கேன், நீங்க பாட்டுக்கு எடுத்துட்டு வந்தா என்னண்ணே அர்த்தம்?"

"நீதானப்பா ஊதுன. ரெண்டு ஊதுன, எடுத்தேன்."

ஊதவே இல்லை என்று அவர் அடித்துச் சொன்னார். ஊதினாய், என் காதில் விழுந்தது என்று டிரைவர் சொன்னார். பயணிகளில் பாதிப் பேர் விசிலைக் கேட்டதாக டிரைவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்த என் பாட்டு இரண்டாவது சரணத்தைத் தொட்டது. டிரைவரின் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரிலிருந்து ரெண்டு விசில் வந்தது. பழக்கதோஷத்தில் டிரைவரின் கை கியருக்குப் போய்விட்டது. எல்லோரும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். கண்டக்டர் தன் கையிலிருந்த விசிலைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என் விசிலு," என்றார்.

நான் கையைத் தூக்கினேன். வேறு என்ன செய்வது? பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை, அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயும் இல்லை. நடுரோட்டில் தன் பஸ்ஸின் பின்னால் தானே ஓடிய மனிதர். அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தடத்தில் ஓடுகிற எல்லா வண்டிக்கும் செய்தி போய்விட்டது. "உனக்குப் பதிலா ஆள் போட்டாச்சாமே" என்று மற்ற கண்டக்டர்கள் அவரை ஓட்டியிருக்கிறார்கள். டிரைவர் சத்திரத்தில் பென்டிரைவைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா வண்டிக்கு ஆகாது என்றார். நான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கினேன். அவமானம் ஒரு பக்கம் என்றால், இத்தனை கூத்துக்குப் பிறகும் பாட்டு ரெண்டாவது சரணத்தோடு நின்றுவிட்டதே என்ற எரிச்சல் இன்னொரு பக்கம். கடைசிவரை அன்றும் யாரும் போகவில்லை.

கொஞ்ச நாள் முகத்தை மறைத்துக்கொண்டு வேறு பஸ்ஸில் போனேன். அந்த பஸ்ஸில் பாட்டும் சரியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் உட்கார்ந்து விசிலை எடுத்துவிட முடிவு செய்தேன். கணவருக்கு அது பிடிக்கவே இல்லை. அந்தப் பாட்டுக்கே உயிர் அதுதான், ஒரு பஸ்ஸுக்காக அதை எடுப்பாயா என்றார்.

"பஸ்ஸுக்காக இல்லங்க. உள்ள உட்கார்ந்திருக்கிறவங்களுக்காக."

பெருமையாகச் சொல்லிவிட்டேனே தவிர, எடுக்கும்போது வலித்தது. விசில் இருந்த இடத்தில் கைதட்டல் வைத்துப் பார்த்தேன், சொடக்கு வைத்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் ஒன்றும் வைக்காமல் அந்த இடத்தைச் சும்மா விட்டேன். ரெண்டு தட்டு நேரத்துக்கு ஒரு சத்தமும் இல்லை, பிறகு தாளம். விசில் வைத்த பாட்டு இணையத்தில் அப்படியே இருக்கட்டும், இது பஸ்ஸுக்கான பாட்டு என்று இருவரும் சமாதானம் ஆனோம். எது மேல் என்று கேட்டால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சண்டை வரும்.

மறுபடி அந்த பஸ்ஸில் ஏறியபோது டிரைவர், முதலில் கண்டக்டரிடம் கேட்டுக்கொள் என்று கைகாட்டிவிட்டார். கண்டக்டரிடம் போய், விசிலை எடுத்துவிட்டேன், நீங்களே கேட்டுப் பாருங்கள் என்று ஃபோனையும் ஹெட்செட்டையும் நீட்டினேன். உள்ளுக்குள் ஒரு நப்பாசை, இந்தச் சாக்கிலாவது ஒருவர் முழுதாகக் கேட்டுவிடுவார் என்று. அவர் திரையில் விரலை வைத்து, பாட்டை இங்கிருந்து அங்கே சர்ரென்று இழுத்துப் பார்த்தார்.

"விசில் இல்ல. போட்டுக்கங்க," என்று கொடுத்துவிட்டார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "ஹாரன் சத்தம் எதுவும் வெச்சிருக்கீங்களாக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போதுதான் அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்படித்தான் என் பாட்டு மெலடி நடையில் நிரந்தரமாக ஓர் இடம் பிடித்தது. யாரும் சொக்கிப்போகவில்லை. ஆனால் டிரைவர் எடுக்கவும் இல்லை. தினமும் கேட்டுக் கேட்டு எனக்கே சில விஷயங்கள் புரிந்தன. ஆரம்பத்தில் நான் இழைத்து இழைத்துச் செய்திருந்த இசையெல்லாம் இன்ஜின் சத்தத்தில் காணாமல் போனது. குரல் மட்டும் நின்றது. நெரிசல் அதிகமான நாட்களில் பாட்டு காந்தி மார்க்கெட்டுக்கு முன்பே முடிந்துவிடும், கேட்டவர்கள் யாரும் இறங்கியிருக்கமாட்டார்கள். ஆனால் அது வேறு வழியில்லாமல் கேட்பது. கூட்டத்தில் மாட்டிக்கொண்டவரை ரசிகர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எல்லோர் முகத்தையும் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். ஒருவர் தூங்குவார், ஒருவர் ஃபோனில் ரீல்ஸ் தள்ளுவார், ஒருவர் என்னை முறைப்பார்.

ஒருநாள் வழியில் எங்கும் நிற்க வேண்டிய கட்டாயமே இல்லாமல் பஸ் பறந்து வந்தது. மெயின்கார்டு கேட் தாண்டும்போதுதான் என் பாட்டு தொடங்கியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நுழையும்போது கடைசிச் சரணம் ஓடிக்கொண்டிருந்தது. சத்திரத்தில் பஸ் நிற்பதற்காக எங்கள் ஊரில் யாரும் காத்திருப்பதில்லை. வண்டி திரும்பும்போதே படியில் இறங்கி, மெதுவாகும்போதே குதித்துவிடுவார்கள். அன்றும் அப்படித்தான் ஒரு நொடியில் பஸ் காலியானது. கடைசியாக நான் படிக்கட்டுக்கு வந்தேன். டிரைவர் சாவியைத் திருப்பினார். இன்ஜினோடு பாட்டும் நின்றது.

"அண்ணே."

திரும்பிப் பார்த்தேன். மகளிர் வரிசையில் ஜன்னலோரம் ஒரு பெண் இன்னும் உட்கார்ந்திருந்தாள். ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் சீருடைப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டுக் கூடை. அந்தக் கடைகளில் தாமதமாகப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க உட்காராமல் நிற்க வேண்டிய வேலை என்பதும் தெரியும்.

"அந்தப் பாட்டு முடியற வரைக்கும் போடுங்கண்ணே. கொஞ்சம்தான் இருக்கு."

கொஞ்சம்தான் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? முன்பே கேட்டிருக்கிறாள். எத்தனையோ நாள் நான் யார் யார் முகத்தையோ நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கண்ணில் படாமல் எங்கோ உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லாதீர்கள் என்று தலையை ஆட்டினேன். அவர் சாவியைப் பாதி திருப்பினார். இன்ஜின் ஓடவில்லை, பாட்டு மட்டும் விட்ட இடத்திலிருந்து வந்தது. தாளம் நின்றது. குரல் மட்டும் தனியாகப் போனது. அந்த பஸ்ஸில் அந்தக் குரலை இன்ஜின் சத்தம் இல்லாமல் நான் கேட்பதும் அதுதான் முதல் தடவை. வெளியே பூ விற்கும் சத்தம், புறப்படும் பஸ்களின் சத்தம். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, கூடையின் கைப்பிடியை லேசாகத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் பக்கம் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலிருக்கவும் முடியவில்லை.

பாட்டு முடிந்தது. டிரைவர் அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் சாவியை எடுத்தார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வேகமாக எழுந்து வந்தாள். படிக்கட்டை அடைத்துக்கொண்டு மரம் மாதிரி நான் நின்றிருந்தேன்.

"கொஞ்சம் வழி விடுங்கக்கா, கடைக்கு நேரமாச்சு."

வழி விட்டேன்.